மறுப்பில் வாழும் மாற்றார் குரல்

ஐம்பெருங்காப்பியங்கள் எவை என்று கேட்டால் பள்ளிச் சிறுவனும் விரல் மடக்கிச் சொல்லிவிடுவான்: சிலப்பதிகாரம், மணிமேகலை, சீவக சிந்தாமணி, வளையாபதி, குண்டலகேசி. சொன்ன ஐந்தில் இரண்டு நம் கையில் முழுமையாக இல்லை என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்வோர் மிகச் சிலர். இல்லாத நூலுக்கு இடம் ஒதுக்கிப் பட்டியல் வகுத்து, ஆண்டுதோறும் அதனை ஒப்புவிக்கச் செய்து, மதிப்பெண்ணும் வழங்கி வருகிறோம். பெயரைக் காத்தோம், பொருளைப் பறிகொடுத்தோம்!

குண்டலகேசி என்னும் காப்பியத்தில் இன்று எஞ்சி நிற்பவை 19 பாடல்கள். புறத்திரட்டு என்னும் தொகைநூலும் பழைய உரையாசிரியர் சிலரும் எடுத்தாண்டமையால் பிழைத்தவை அவை. யாக்கையின் நிலையாமையும் பற்றறுத்தலின் உயர்வும் அவற்றிலே பேசப்படுகின்றன. அழகிய பாடல்கள்; ஐயமில்லை. ஆனால், அவற்றை மட்டும் படித்தவன் குண்டலகேசி ஒரு வாதநூல் என்பதை அறியான். புத்த சமயத்தின் சார்பிலே சமணத்தை எதிர்த்து நின்ற நூல் அது என்பதையும் அறியான். பின்னர் நாம் எங்ஙனம் அறிந்தோம்? அதனைப் போற்றியவர் வாயிலாகவா? அன்று! அதனை வீழ்த்த எழுந்த நூலின் வாயிலாகவே அறிந்தோம். அந்நூலின் பெயர் நீலகேசி.

நட்டவர் கைவிட்ட குரலை எதிர்த்தவர் ஏடு காத்திருக்கிறது. இந்தப் புதுமையைச் சற்று ஆராய்ந்தால், ஒரு குரல் மற்றொரு குரலை எவ்வாறு உருவாக்குகிறது, எவ்வாறு திரிக்கிறது, எவ்வாறு விழுங்குகிறது, விழுங்கியும் எவ்வாறு செரிக்க முடியாமல் தவிக்கிறது என்பது விளங்கும். வாதம் செய்வதையே வாழ்வாகக் கொண்ட இயக்கத்தார்க்கு இஃது ஏட்டுப் புலவர் ஆராய்ச்சி மட்டும் அன்று. நம் இல்லத்துச் செய்தியும் ஆகும்.

நாவல் நட்ட நங்கை

குண்டலகேசியின் கதை தமிழ்நாட்டில் பிறந்ததன்று. பாலி மொழியில் உள்ள தேரிகாதையில் பத்தா குண்டலகேசா என்னும் பிக்குணியின் பெயரால் பாடல்கள் காணப்படுகின்றன. அவள் வரலாற்றைப் பௌத்த உரைகள் விரித்துரைக்கின்றன. செல்வர் வீட்டு மகள் ஒருத்தி கொலைக்களம் நோக்கி இழுத்துச் செல்லப்படும் கள்வனைக் கண்டு காதலுற்றாள். தந்தை பொருள் கொடுத்து அவனை மீட்டு மணம் முடித்து வைத்தார். மணந்தவனோ அவள் அணிகலன்மேல் ஆசை வைத்து, மலையுச்சிக்கு அழைத்துச் சென்று தள்ளிக் கொல்லத் துணிந்தான். கணவனை வலம் வந்து வணங்குவதாகச் சொல்லி, பின்னே சென்று அவனை அவள் தள்ளிவிட்டாள்.

கல்லானாலும் கணவன் என்று கற்பிக்கும் நாட்டிலே, கொல்ல வந்த கணவனைக் கொன்று தன்னுயிர் காத்த பெண் ஒருத்தி காப்பியத் தலைவியானாள். இதனை நம் புலவர்கள் மேடைகளில் விரித்துரைப்பதில்லை, ஏனோ அறியோம்!

கணவனை இழந்தவள் வீடு திரும்பவில்லை. சமண சங்கத்தை அடைந்து துறவு பூண்டாள். பறித்த கூந்தல் மீண்டும் சுருள்சுருளாக வளர்ந்தமையின் குண்டலகேசி எனப் பெயர் பெற்றாள். சமணரிடம் தருக்கம் பயின்றாள். ஊர்தோறும் சென்று நாவற்கிளை ஒன்றை நட்டு வைத்து, வாதம் செய்ய வல்லார் உளரேல் வருக என அறைகூவினாள். வென்றாள், வென்றுகொண்டே சென்றாள். இறுதியில் புத்தரின் மாணவரான சாரிபுத்தர் அவளை வாதில் வென்றார். அவள் புத்த சமயம் தழுவினாள். அதன்பின் அவள் வாதிட்டது யாரோடு? தனக்கு வாதிடக் கற்பித்த சமணரோடுதான்!

இங்கே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் நா புத்தரைப் போற்றிற்று. அந்த நாவைத் தீட்டிக் கூராக்கியவர்கள் சமணர்கள். ஒரு சமயத்தின் பள்ளியிலே வார்த்தெடுத்த வாள் மற்றொரு சமயத்தின் உறையிலே புகுந்தது. தனித்து நின்று தானே முளைத்த குரல் என்று உலகில் ஒன்றும் இல்லை. எதிர்ப்பவரிடமிருந்தே எதிர்க்கும் மொழியைக் கற்கிறோம். இதனை மறைப்பதில் பெருமை இல்லை. அறிவதில் இழிவும் இல்லை.

நாதகுத்தனார் என்னும் புலவர் இக்கதையைத் தமிழிலே விருத்தப்பாவிற் காப்பியமாக்கினார். அந்நூல் தமிழ்ச் சமணரை எத்துணை ஆழமாகத் தைத்திருக்க வேண்டும் என்பதை அறியத் தனிச் சான்று வேண்டா. அதற்கு விடையாக ஒரு முழு நூலையே அவர்கள் எழுதினார்கள் என்பதே போதிய சான்று. குத்தாத முள்ளுக்கு யாரும் மருந்து தேடுவதில்லை.

எதிரியின் சாயல்

நீலகேசியை எழுதியவர் பெயர் தெரியவில்லை. நூலில் 894 பாடல்கள், 10 சருக்கங்கள். முதற் சருக்கம் அறவுரை. அடுத்தது குண்டலகேசி வாதம். அதன்பின் அர்க்கசந்திரன், மொக்கலன், புத்தர் ஆகியோரோடு வாதங்கள். பின்னர் ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம், பூதவாதம் என ஒன்றன்பின் ஒன்றாகப் பிற கொள்கைகள் மறுக்கப்படுகின்றன. வேதத்தைச் செய்தவர் எவரும் இலர் என்னும் கொள்கையையும், வேள்வியில் உயிர் வதைப்பதையும், பிறப்பினால் உயர்வு தாழ்வு கூறுவதையும் வேதவாதச் சருக்கம் வன்மையாகச் சாடுகிறது. பகுத்தறிவு மேடையில் இன்று நாம் பேசும் பலவற்றுக்கு மூத்த உறவினர் அச்சருக்கத்திலே வாழ்கின்றனர்.

ஆயினும் நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. குண்டலகேசியை எதிர்க்க எழுந்தவள் குண்டலகேசியைப் போலவே இருக்கிறாள்! அவளும் பெண், இவளும் பெண். அவளும் ஊர் ஊராகச் சென்று வாதிடுகிறாள். இவளும் அவ்வாறே செல்கிறாள். அவள் பெயர் கேசி என முடிகிறது; இவள் பெயரும் அங்ஙனமே முடிகிறது. அந்நூல் விருத்தத்தால் ஆனது. இந்நூலும் விருத்தத்தால் ஆனது. பழைய உரைகளிலே பிங்கலகேசி, அஞ்சனகேசி, காலகேசி என இன்னும் சில நூற்பெயர்கள் காணப்படுகின்றன. அவை மறைந்து போயின. பெயர்கள் மட்டும் நின்று, இஃது ஒரு காலத்தில் பெருவழக்காகவே இருந்தது எனக் காட்டுகின்றன. ஒரு குரல் எழுந்தது. அதனை எதிர்த்த குரல் அதன் சாயலையே அணிந்துகொண்டது.

நீலகேசி யார்? பழையனூர் நீலி! உயிர்ப்பலி கேட்கும் பேயாக ஊர்மக்கள் அஞ்சிய நீலி. பாஞ்சால நாட்டிலே சுடுகாட்டுக் காளிகோயிலுக்கு உயிர்ப்பலி கொண்டுவந்தவர்களை முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர் தடுத்தார். உயிருக்கு மாறாக மண்ணாற் செய்த உருவங்களைப் படைத்தால் போதும் என்றார். பலி இழந்த தெய்வம் அவரை ஓட்ட இயலாமல் நீலியின் துணையை நாடியது. அச்சுறுத்தினாள் நீலி, முனிவர் அஞ்சவில்லை. மயக்கப் பார்த்தாள், அவர் மயங்கவில்லை. முடிவில் நீலியே அவரிடம் அறம் கேட்டு மாணவியானாள்; வாதம் செய்யப் புறப்பட்டாள்.

சமணப் புலவர் நாட்டுமக்களின் நடுவே உலவிய அச்சக் குரல் ஒன்றை எடுத்து, அதற்கு அறிவுக் குரல் அளித்தார். நாட்டுக்கதையோ தன் போக்கிலே சென்றது. அக்கதையில் நீலி என்பவள் கணவனால் கொலையுண்டு பழி வாங்க வந்த பேய். பொய்க்கண்ணீர் வடித்து ஊராரை ஏமாற்றியவள். இரண்டு குரல்களில் வென்றது எது? 894 பாடல்களில் அளவைநூல் பேசிய நீலகேசியைப் படித்தவர் ஆயிரத்தில் ஒருவரும் இலர். நீலிக் கண்ணீர் என்ற தொடரோ தெருவெல்லாம் வழங்குகிறது. எதிர்த்துப் பேசும் பெண்ணைக் கண்டால், அடி நீலி என்று ஏசுவதற்கு இன்றும் நா கூசுவதில்லை. ஏட்டில் இருந்தது தருக்கம்; நாட்டில் நின்றது வசை!

இரண்டு நாவும் ஒருவருடையதே

நீலகேசியைப் போற்றுவோர் அதனைத் தருக்க நூல்களின் மணிமுடி என்பர். அதன் கூர்மையை நாமும் மதிக்கிறோம். ஆனால் திறனாய்வு என்பது போற்றுதல் மட்டும் அன்றே! நீலகேசியிலே நடப்பது உண்மையான வாதமா என்று கேட்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

குண்டலகேசி தோற்கிறாள், தன் ஆசிரியர் அர்க்கசந்திரரைக் காட்டுகிறாள். அர்க்கசந்திரர் தோற்கிறார், மொக்கலரைக் காட்டுகிறார். மொக்கலர் தோற்கிறார், புத்தரையே காட்டுகிறார். புத்தரும் தோற்கிறார்! கதை எழுதுபவன் கையில் எழுத்தாணி இருக்கும்போது யார்தாம் தோற்கமாட்டார்? எத்தனையோ நூற்றாண்டுகட்கு முன் மறைந்த புத்தரை எழுப்பிக் கொண்டுவந்து, அவர் வாயிலே சொல் வைத்து, அச்சொல்லை மறுத்து, அவரைத் தலையசைக்கச் செய்வது புலவருக்கு எளிது. கேட்பவனுக்கு இரண்டு குரல் கேட்கும். பேசுவதோ ஒரே வாய்.

மணிமேகலையும் இதற்கு விலக்கு அன்று. சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையிலே வஞ்சி மாநகரில் பத்து வாதிகள் பேசுகின்றனர்: அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி. சாத்தனார் இவர்களைப் பேச விடுகிறார், மணிமேகலை கேட்கிறாள். அவை நல்லவை அல்ல எனத் தோன்றினும் மறுத்துரைக்காமல் கேட்கிறாள். இந்தப் பொறுமை நீலகேசியில் இல்லாத பெருமை. ஆயினும் ஒருவர்க்குச் சில அடிகளே. புத்த தருமத்தை அறவண அடிகள் உரைப்பதற்கோ தனிக்காதைகள்!

மற்றொன்றையும் கருத வேண்டும். அப்பத்து வாதிகள் முன் மணிமேகலை பெண்ணாகச் செல்லவில்லை. தவமுனிவன் ஒருவன் வடிவம் கொண்டு செல்கிறாள். ஏன்? இளையவள், வளையல் அணிந்தவள் என்று கருதி எவரும் அவளுக்குத் தம் சமயத்தின் மெய்ப்பொருளை உரைக்கமாட்டார்கள் என்று காப்பியமே காரணம் கூறுகிறது. எத்துணை நேர்மையான வாக்குமூலம்! பத்துச் சமயங்களும் ஒன்றோடொன்று முரண்பட்டன. பெண்ணுக்கு விடை சொல்ல வேண்டுவதில்லை என்ற ஒன்றிலே மட்டும் ஒன்றுபட்டன. அந்த அவையிலே கேட்பதற்குக்கூட ஒரு பெண் ஆண் வேடம் புனைய வேண்டியிருந்தது. குண்டலகேசியும் நீலகேசியும் அந்த வேடத்தைக் கிழித்தெறிந்தவர்கள். பெண்ணாகவே அவை ஏறினார்கள், பெண்ணாகவே பேசினார்கள். தம்முள் எத்துணை மாறுபட்டாலும், இந்த ஓர் உரிமையிலே அவ்விருவரும் உடன்பிறந்தவர்கள் என்றே நாம் கொள்கிறோம். அவர்களைப் படைத்தவர்கள் புலவர்களாகலாம். படைக்கப்பட்டபின் அவர்கள் படைத்தவர்களைக் கடந்துவிட்டார்கள்.

நம் முன்னோன் எங்கே?

பத்து வாதிகளுள் கடைசியாக வருகிறானே பூதவாதி, அவனை நாம் எளிதில் விட்டுவிட முடியாது. பூவும் வெல்லக்கட்டியும் பிற பொருள்களும் கூடி ஊறுமிடத்துக் கள்ளின் வெறி தோன்றுவதுபோலப் பூதங்கள் கூடுமிடத்து உணர்வு தோன்றுகிறது என்பது அவன் கொள்கை. இன்பமும் துன்பமும் இப்பிறப்போடு முடிவன. மறுபிறப்பிலே வினை நுகர்தல் என்பது பொய் என்று அவன் துணிந்து கூறுகிறான். முற்பிறப்பில் செய்த வினை என்று சொல்லியே உழைப்பவனை உழைப்பவனாகவும் தாழ்ந்தவனைத் தாழ்ந்தவனாகவும் வைத்திருந்த ஒரு நாட்டிலே, வினை என்பது பொய் என ஒருவன் எழுந்து சொன்னான்! அவனுக்கு நாம் எத்துணைக் கடன்பட்டிருக்கிறோம்!

மணிமேகலை அவனை நோக்கி நகைக்கிறாள். கண்டதையே கொள்வேன் என்கிறாயே, உன் தாய் தந்தை இன்னார் என்பதைக் கருதலளவையால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என வினவுகிறாள். கூரிய கேள்விதான். ஆனால் அது கருதலளவை வேண்டும் என்பதை நிறுவுமே அன்றி, மறுபிறப்பு உண்டு என்பதை எங்ஙனம் நிறுவும்? இதனைப் பூதவாதி கேட்டிருப்பான். கேட்கச் சாத்தனார் விடவில்லை. அங்கேயே அவன் வாய் அடைக்கப்பட்டது. காதை முடிந்தது.

பூதவாதியின் நூல் ஒன்றேனும் தமிழிலே தனித்து நிற்கிறதா? இல்லை. அவன் குரலைக் கேட்க வேண்டுமாயின் மணிமேகலையின் 27-ஆம் காதைக்குச் செல்ல வேண்டும்; நீலகேசியின் இறுதிச் சருக்கத்துக்குச் செல்ல வேண்டும்; 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கத்துக்குச் செல்ல வேண்டும். முதல் நூல் பௌத்தருடையது, இரண்டாவது சமணருடையது, மூன்றாவது சைவருடையது. ஒருவரை ஒருவர் வெறுத்த மூவரும் ஒருசேர வெறுத்தவன் அவன். அவனைப் பற்றி நாம் அறிவன எல்லாம் அவன் பகைவர் மூவர் விட்டுவைத்த மிச்சமே. நம் முன்னோனின் முகத்தை அவனைச் சிறையிட்டவர்கள் வரைந்த ஓவியத்திலேதான் நாம் காண்கிறோம்!

அவ்வோவியத்தை அப்படியே ஏற்பது பேதைமை. கிழித்தெறிவதோ அதனினும் பெரிய பேதைமை. எதிரி எங்கே சினந்து எழுதுகிறான் என்று பார்க்க வேண்டும். எங்கே விரைந்து கடந்து செல்கிறான் என்று பார்க்க வேண்டும். எங்கே எள்ளி நகையாடுகிறானோ அங்கே அவனுக்கு விடை தெரியவில்லையோ என ஐயுற வேண்டும். இங்ஙனம் படித்தால், அடக்கப்பட்ட குரல் அடக்கியவன் சொல்லின் இடுக்கிலிருந்து மெல்ல எழும். கல்வெட்டிலும் புராணத்திலும் அரச ஆணையிலும் மறைந்து கிடக்கும் எளிய மக்களின் குரலைக் கேட்பதற்கும் இதுவே வழி.

உரையாசிரியர் செய்த உதவி

இனி, நீலகேசிக்கு உரை கண்ட சமய திவாகர வாமன முனிவரைப் பாராட்டாமல் மேலே செல்வது நன்றியின்மையாகும். சமய திவாகரம் என்னும் அவ்வுரையோடு நீலகேசியை 1936-இல் அச்சேற்றித் தமிழுலகுக்கு வழங்கியவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார்.

வாமன முனிவர் சமணர். வென்ற கட்சியின் உரையாசிரியர். மறுப்பை விளக்கினால் போதும் என அவர் இருந்திருக்கலாம். அவ்வாறு இருக்கவில்லை. இந்த மறுப்பு இன்ன பாடலுக்கு உரியது என்று காட்டுவதற்காக, குண்டலகேசிப் பாடல்களின் தொடக்கச் சொற்களை வரிசையாகக் குறித்துச் சென்றார். பகைவர் நூலை அவர் பக்கத்திலே வைத்துக்கொண்டுதான் உரை எழுதியிருக்கிறார் என்பது இதனால் தெளிவாகிறது. குண்டலகேசி வாதநூலாக நமக்கு இன்று தோன்றுவதற்கு அவருடைய அந்த நேர்மை ஒரு பெருங்காரணம்.

ஆனால், அந்தோ! தொடக்கச் சொற்களை மட்டுமே குறித்தார். ஏன் முழுப்பாடலையும் எழுதவில்லை? படிப்பவர் கையிலே குண்டலகேசி இருந்தது; தொடக்கத்தைச் சொன்னால் எஞ்சியதை அவர்களே அறிவார்கள் என்று அவர் கருதியிருத்தல் வேண்டும். எதிரியின் நூல் என்றும் நிலைத்திருக்கும் என அவர் நம்பினார். அந்த நம்பிக்கையே வினையாயிற்று. இன்று மறுப்பு முழுமையாக இருக்கிறது. மறுக்கப்பட்டதோ முதற்சொல்லோடு நிற்கிறது. கதவைத் தட்டினால் வாயில் திறக்கிறது. உள்ளே வீடு இல்லை!

இதனால் இழந்தவர் பௌத்தர் மட்டுமா? சமணரும் இழந்தார்கள். எதனை வென்றது என்று தெரியாத வெற்றிக்கு என்ன மதிப்பு? குண்டலகேசி முழுமையாக இருந்தால்தான் நீலகேசியின் கூர்மையும் முழுமையாக விளங்கும். எதிர்க்குரல் மறைந்தால் நம் குரலும் பாதி ஊமையாகிவிடுகிறது. எதிரியின் அழிவில் நம் ஆக்கம் இருப்பதாக எண்ணுவோர் இந்த ஓர் எடுத்துக்காட்டை நெஞ்சிற் பதித்துக்கொள்க.

சொல் ஓய்ந்து நெருப்புப் பேசிய காலம்

தமிழ்நாட்டு வாதங்களின் வரலாறு இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். முடியவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்திலே வேறு வகை வாதம் ஒன்றைக் காண்கிறோம். மதுரையிலே திருஞானசம்பந்தருக்கும் சமணருக்கும் நடந்ததாகக் கூறப்படும் வாதம் அது. அங்கே அளவை இல்லை, ஏது இல்லை, எடுத்துக்காட்டு இல்லை. ஏட்டை நெருப்பில் இட்டார்கள். வேகாத ஏடு வென்றது என்றார்கள். ஏட்டை வையையாற்றில் இட்டார்கள்; எதிர்த்து ஏறிய ஏடு வென்றது என்றார்கள். அனல்வாதம், புனல்வாதம் என அவற்றுக்குப் பெயரும் சூட்டினார்கள்! முடிவில், தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்கிறது புராணம்.

இது நடந்ததா, கதையா என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. நடந்தது என நாமும் துணியவில்லை. நம் வினா வேறு. நடவாத ஒன்றாயின், அதனைப் பெருமையாகப் பாட ஒரு காலம் எங்ஙனம் மனம் கொண்டது? நீலகேசியின் ஆசிரியர் எதிரியின் வாயில் தம் சொல்லை வைத்தார் எனக் குறை கூறினோம். அவராவது சொல்லை வைத்தார்! பெரியபுராணத்துக் கதையிலே எதிரிக்குச் சொல்லே இல்லை. அவன் ஏடு எரிகிறது, அவ்வளவே. அந்த ஏட்டிலே என்ன எழுதியிருந்தது என்று கேட்பார் எவரும் இல்லை. நெருப்பு என்றும் படிப்பதில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் மூண்ட நெருப்பும் தான் தின்ற 90,000-க்கு மேற்பட்ட நூல்களில் ஒன்றையேனும் புரட்டிப் பார்க்கவில்லை.

அப்படியானால், இயக்கத்தார் மூட்டிய தீ எத்தகையது என்று மாற்றார் கேட்பர். கேட்கட்டும், கேட்பது அவர்கள் உரிமை, விடை சொல்வது நம் கடமை. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்ற கொள்கை எழுந்தபோது, 1943-இல் அறிஞர் அண்ணா சென்னையிலும் சேலத்திலும் மேடையேறி வாதிட்டார். சென்னையில் எதிரே நின்றவர் இரா. பி. சேதுப்பிள்ளை; சேலத்தில் எதிரே நின்றவர் நாவலர் சோமசுந்தர பாரதியார். பாரதியாரோ 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்த போரிலே முன்னணியில் நின்ற தமிழ்ப் பெரியார். நேற்றுத் தோளோடு தோள் நின்றவர்கள், இன்று எதிரெதிரே நின்று சொல்லாடினார்கள். நட்பை முறிக்கவில்லை, கருத்தை மறைக்கவும் இல்லை. அவ்வாதங்கள் தீ பரவட்டும் என்ற பெயரால் நூலாயின. அந்நூலிலே அண்ணாவின் பேச்சு மட்டும் அன்று, அவரை மறுத்தவர்களின் பேச்சும் அச்சாகியிருக்கிறது.

நம் துணிபு இது: அந்த ஆண்டிலே வென்றது தீயன்று, மேடை. கம்பராமாயணம் எரிந்து போகவில்லை; எரியவும் வேண்டா. ஆனால், அதனைப் படிக்கும் முறை மாறிப்போயிற்று. இராமனை வணங்கிய கண்களோடு இராவணனை உசாவும் கண்களும் பிறந்தன. கம்பனைக் காக்க வந்தவர்களும், பக்தியைச் சொல்லிக் காத்தல் இனி இயலாது எனக் கண்டு, கவிநயத்தைச் சொல்லிக் காக்க முற்பட்டார்கள். எதிர்க்குரல் காப்பவர் குரலையே மாற்றிவிட்டது. நெருப்பால் இது நிகழ்ந்திராது, சொல்லால் நிகழ்ந்தது.

பட்டிமண்டபத்தின் அறம்

பட்டிமண்டபம் என்ற சொல்லை மணிமேகலையின் முதற் காதையிலேயே காண்கிறோம். இந்திரவிழாவுக்கு முரசறைபவன், தத்தம் சமயப் பொருளை உரைப்போர் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுக என்கிறான். பகைவரோடும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுக என்கிறான். எத்துணை நாகரிகமான அறிவிப்பு! அந்தப் பெயரைத் தாங்கிய பட்டிமன்றங்கள் இன்று எங்கும் நடக்கின்றன. எந்தக் கட்சி என்பதைக் குலுக்கிப் போட்டும் எடுத்துக்கொள்ளலாம். நகைச்சுவைக்கு நகைச்சுவை, கைதட்டலுக்குக் கைதட்டல், இறுதியில் இருவரும் சரி என்ற தீர்ப்பு. குரல்கள் மோதுவதுபோல் தோன்றும். எதுவும் எதனையும் தொடுவதில்லை. குண்டலகேசி நட்ட நாவற்கிளைக்கு இது வாரிசா?

மற்றொரு தீமையும் வளர்கிறது. எதிரி சொல்லாததைச் சொன்னதாகக் கூறி மறுப்பது, சொன்னதிலே பாதியை வெட்டி மீதியை மறுப்பது, படிக்காமலே மறுப்பது. இந்நோய் நம் எதிரிகளிடம் மட்டும் உண்டு, நம்மிடம் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? உ. வே. சாமிநாதையர் சைவ மடத்திலே தமிழ் பயின்றவர். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, சமணக் கொள்கை விளங்காமல், கும்பகோணத்துச் சமணர் இல்லம் தேடிச் சென்று கேட்டறிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சாயிற்று. பிற சமயத்தான் நூலைப் புரிந்துகொள்ள அச்சமயத்தானிடமே செல்ல வேண்டும் என்ற எளிய அறம் அது. கொள்கையால் அவரோடு நாம் ஆயிரம் மாறுபடுவோம். இந்த அறத்திலே மாறுபட ஒன்றும் இல்லை.

ஆகவே, எழுதுகோல் ஏந்தும் இளைஞர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்று உண்டு. மறுப்பதற்கு அஞ்ச வேண்டா. மறுப்பே அறிவின் மூச்சு. ஆனால் எதனை மறுக்கிறோமோ அதனை முழுமையாக எடுத்துக்காட்டி மறுப்போம். எதிரியின் வாதத்தை அவன் சொல்வதினும் தெளிவாகச் சொல்லி, அதன்பின் வீழ்த்துவோம். நம் இதழைப் படிப்பவன், நாம் யாரை மறுத்தோமோ அவரையும் நம் இதழிலிருந்தே அறியும்படி எழுதுவோம். வாமன முனிவர் செய்ததைச் செய்வோம்; அவர் விட்டதையும் செய்வோம்.

நாளை வருபவன் நம் ஏட்டையும் திறப்பான். நாம் வென்றோமா என்று பார்ப்பதற்கு முன், எதிரே நின்றவன் பேசியது எங்கே என்று தேடுவான். அவன் கையில் வெறும் தொடக்கச் சொற்களை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதிருப்போம்!